முதலில் திறக்கும் கை

றம்ஸியின் கை ராசியான கை என்பதை மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் அவனை அறிந்தவர்கள் அனைவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். பெரிய ரோட்டை ஒட்டியிருந்த அவனுடைய வாசனைச் சரக்குக் கடைக்குப் புதிய தராசு வந்தபோது முதல் எடை போட்டது அவன் கை. அடுத்த வீட்டு ஜமால்தீன் முச்சக்கர வண்டி வாங்கியபோது, ஓட்டத் தெரியாத றம்ஸியை அழைத்து உட்காரவைத்து, சாவியை மட்டும் முடுக்கச் சொன்னார். புதிதாக எது வந்தாலும் பிஸ்மில்லாஹ் சொல்லி அவன் திறந்தால்தான் அது நிலைக்கும் என்பது அந்த வீட்டின் வழக்கம். ஆகவே அன்று ளுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட வந்தவன், மேசைமேல் பிரிக்கப்படாத போன் பெட்டியைக் கண்டதும் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுக்கப் போனதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வியப்பெல்லாம், அவன் தங்கை ஸுலைஹா அவனுக்கு முந்திக்கொண்டு அந்தப் பெட்டியைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டதில்தான் இருந்தது.

"வேணாம் நானா. இத நானே தொறக்கிறேன்," என்றாள் அண்ணனிடம்.

"சரி, பெட்டிய நீ தொற. மத்ததெல்லாம் நான் அஞ்சு நிமிசத்துல செஞ்சு தாறேன்."

"மத்ததையும் நான்தான் செய்யணும்."

"கண்ணு தெரியிற எனக்கே அதுல பாதி விளங்குறல்ல."

"அப்ப அதுக்குக் கண்ணு தேவையில்லன்டு நீங்களே சொல்றீங்க."

குசினியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. றம்ஸியின் மனைவி ஷஸ்னா கறிச்சட்டியோடு வந்து நின்றாள். "கைராசிக்காரர் போன பெருநாளைக்குத் தொறந்து வெச்ச மிக்ஸி எங்கன்டு கேளுங்க ஸுலைஹா. அலுமாரிக்கு மேல உசிரு போய் மையத்தா கெடக்கு."

"அது செய்யக்குள்ளயே பழுதான மிக்ஸி. அதுக்கு என்ட கை என்ன செய்யும்?" என்று றம்ஸி சோற்றைப் பிசைந்தான். ஆனால் அவன் பார்வை பெட்டியை விட்டு அகலவில்லை என்பதை, அவன் பிசைவது நின்று நின்று தொடர்ந்த விதத்திலிருந்து ஸுலைஹா அறிந்துகொண்டாள்.

பிறவியிலேயே பார்வையற்றவள் அவள். அண்ணன் அவளை ஒருநாளும் பாரமாக எண்ணியதில்லை; அதை அவள் மறுக்கமாட்டாள். பழைய போனையும் அவன்தான் ஆசையோடு வாங்கிக் கொடுத்தான். எல்லாவற்றையும் அவனே அமைத்தும் தந்தான். வந்த வினை அதில்தான் இருந்தது. போன் கேட்ட இடத்திலெல்லாம் அவன் தன் விவரத்தையே கொடுத்திருந்தான். அதனால் அந்தப் போனின் கணக்கில் அவள் ஓர் ஆண். தன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். பிறந்தநாள் வாழ்த்து றம்ஸி பிறந்த நாளில் அவளுக்கு வந்தது. போனைத் திறக்கும் விரலும் அவனுடையதே. அவளுக்கு வரும் செய்திகள் கடையில் இருந்த அவனுடைய போனிலும் போய் விழுந்தன. கராம்பு நிறுக்கிற நேரத்திலேயே அவற்றைப் படித்து, பதில் சொல்ல வேண்டியவற்றுக்குப் பதிலும் சொல்லி, இரவு சாப்பாட்டின்போது அவளிடம் சொல்லுவான். சொல்லத் தோன்றியதை மட்டும்.

சொல்லாமல் விட்ட ஒன்று அவளை இன்னமும் வருத்திக்கொண்டிருந்தது. கண்டியில் ஜீவராஜ் என்பவர் ஒரு தொலைபேசிச் சேவையை நடத்திவந்தார். சிங்களம் மட்டும் அறிந்த வைத்தியருக்கும் தமிழ் மட்டும் அறிந்த நோயாளிக்கும் இடையில், இரு மொழியும் தெரிந்த ஒருவர் போனில் இருந்து பேச்சை மாற்றிச் சொல்லுவார். வீட்டிலிருந்தே செய்யலாம், கண் வேண்டியதில்லை, காதும் நாவும் போதும். ஸுலைஹாவோடு பார்வையற்றோர் பள்ளியில் இரு மொழியும் கற்ற ரஜிதா, ரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் இருந்தபடியே அந்த வேலையில் சேர்ந்துவிட்டாள். அதே நாட்களில் ஸுலைஹாவுக்கும் அழைப்பு வந்திருந்தது. 'தங்கச்சிக்கு வசதிப்படாது' என்று பதிலும் போயிருந்தது. பல மாதம் கழித்து, "ஏன்டி ஏலாதுன்னு சொல்லிட்ட?" என்று ரஜிதா கேட்டபோதுதான் தனக்கு அழைப்பு வந்த செய்தியே அவளுக்குத் தெரிந்தது. றம்ஸியைக் கேட்டாள். "ஊருல ஈக்கிற நோய் நொம்பலமெல்லாம் நீ ஏன் கேக்கணும்? இங்க உனக்கு என்ன கொற?" என்றான்.

முந்தின நாள் ஷஸ்னாவின் போனுக்கு ரஜிதா மறுபடி அழைத்திருந்தாள். ஓர் இடம் காலியாகியிருந்தது. ஜீவராஜ் மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு குரல் சோதனை செய்வார். அதற்குள் ஸுலைஹா தன் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, சேவையின் செயலியை இறக்கி, உள்ளே நுழைந்து காத்திருக்க வேண்டும். "ஒன்னு மட்டும் மறந்துடாத," என்றாள் ரஜிதா. "போன் ஒன்னோடதா இருக்கணும். பூட்டு எண்ணு வீட்டுல ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது. சனங்க அவங்க வருத்தத்தையெல்லாம் நம்மகிட்ட சொல்றாங்க. அதை அவரு கட்டாயம் கேப்பாரு. பொய் சொன்னா கொரலுலயே புடிச்சிருவாரு."

அன்று காலையிலேயே நாத்தியும் மதினியும் பஸ் ஏறி மாத்தளை டவுனுக்குப் போய், போனையும் ஸுலைஹாவின் அடையாள அட்டைக்கு ஒரு சிம்மையும் வாங்கி வந்துவிட்டார்கள்.

சாப்பாடு முடிந்ததும் ஸுலைஹா தன் அறைக்குப் போய்க் கட்டிலில் அமர்ந்தாள். பின்னாலேயே, உட்காரக் கதிரையோடு றம்ஸியும் வந்தான்.

"நான் தொடமாட்டேன். சும்மா பாத்துக்கிட்டு ஈக்கிறேன்."

"கடை?"

"கடை எங்கயும் ஓடாது."

ஜன்னலுக்கு வெளியே சாக்கில் பரப்பிக் காய்ந்துகொண்டிருந்த வசவாசியின், அதாவது சாதிக்காய்மேல் படரும் செந்நிறப் பூவின், காரமான மணம் அறைக்குள் வந்தது. ஸுலைஹா பிஸ்மில்லாஹ் சொல்லிப் பெட்டியைப் பிரித்தாள். போனின் விளிம்பை விரலால் சுற்றிவந்து, சிம் தட்டுக்குரிய சிறு துளையைக் கண்டுபிடித்தாள். தட்டைத் திறக்கப் பெட்டியில் வைத்திருந்த ஊசி கைநழுவித் தரையில் விழுந்தது. றம்ஸி அதைத் தேடிக் குனிவதற்குள் அவள் முக்காட்டில் குத்தியிருந்த ஊசியை உருவித் துளையில் அழுத்திவிட்டாள். தட்டு வெளியே வந்தது. சிம்மின் வெட்டுப்பட்ட மூலையைத் தட்டின் மூலையோடு பொருத்தி உள்ளே தள்ளினாள்.

"கெட்டிக்காரிதான்," என்றான் றம்ஸி கட்டிலுக்கடியிலிருந்து.

போன் அதிர்ந்து உயிர்பெற்றது. ரஜிதா சொல்லித் தந்திருந்தபடி சத்தத்தைக் கூட்டுகிற குறைக்கிற இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. விடாமல் பிடித்திருந்தாள். திடீரென்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் வரவேற்றது. திரைக்குரல் என்று ரஜிதா அதற்குப் பெயர் வைத்திருந்தாள்: விரல் படும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வாசிக்கும், ஒரு விரலை வலப்பக்கம் தட்டிவிட்டால் அடுத்ததற்குப் போகும், இருமுறை தட்டினால் அதைத் தெரிவுசெய்யும். பழைய போனில் பழகிய வித்தைதான். ஆனால் அந்தப் போனில் எப்போதும் வேறொருவர் திறந்துவைத்த வீட்டுக்குள்தான் அவள் நடந்திருந்தாள். இப்போது வாசற்படியில் நின்றாள். அவசரப்படாமல் வரவேற்புப் பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை கேட்டாள், மறுபடியும் ஒருமுறை கேட்டாள். வரவேற்பு வாசகம், அடுத்து மொழி, அடுத்து உதவி, கடைசியில் தொடங்கும் பொத்தான்.

மொழியைத் திறந்தாள். பட்டியலின் மேற்பகுதியிலேயே தமிழும் இருந்தது. தன் போன் முதல் வேலையாகத் தன் மொழியில் பேசட்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. அந்த ஆசையில் பிழை காண யாருக்கும் மனம் வராது. தமிழை இருமுறை தட்டினாள்.

போன் ஊமையாகிவிட்டது.

வலப்பக்கம் தட்டினாள்; இடப்பக்கம் தட்டினாள். பேச்சில்லை. சத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள். பேச்சில்லை.

"ஏன், என்னாச்சு?" றம்ஸியின் கதிரை நகர்ந்தது.

"பேசுறல்ல."

"திரையில எல்லாம் தமிழ்ல அழகா வந்தீக்கு. கீழ 'தொடங்கு'ன்டு போட்டீக்கு. அமத்தட்டா?"

அவனுடைய கை போனுக்கு மேலே வந்துவிட்டதை, அதில் ஒட்டியிருந்த கராம்பு வாசனையிலிருந்தே அவள் உணர்ந்தாள். ஒரு தொடுகைதான். அவன் அமத்துவான், அடுத்த பக்கத்தை வாசிப்பான், அதற்கடுத்ததையும் வாசிப்பான், அஸருக்கு முன்னமே எல்லாம் முடிந்துவிடும். போன் சொல்ல மறுத்ததை அண்ணன் சொல்லுவான். அவள் வாழ்க்கை இத்தனை காலமும் நடந்த விதமும் அதுவே. பிறகு ஜீவராஜ் கேட்கும்போது அவள் என்ன சொல்லுவாள்?

"கைய எடுங்க நானா."

"அட, ஒரே ஒரு தரம்..."

"எடுங்க."

கை போயிற்று. கதிரை ஒருமுறை முனகியது. ஸுலைஹா போனை மடியில் வைத்து, அவசரத்தை ஒதுக்கிவிட்டு யோசித்தாள். முற்றாகச் செத்த மௌனமா இது? விரலை மெல்ல வலப்பக்கம் தட்டினாள். 'டிக்' என்று, பல்லி நாவசைப்பது போல் ஒரு மிகச் சிறிய ஒலி. மறுபடி தட்டினாள். மறுபடி 'டிக்'. திரைக்குரல் ஓடிப்போகவில்லை, அவள் விரலோடு இடம்விட்டு இடம் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. பேச்சுத்தான் இல்லை. அப்படியானால் பக்கமும் அதே பக்கந்தான். வரிசையும் அவள் இருமுறை கேட்ட அதே வரிசைதான். முதலாவது வரவேற்பு. இரண்டாவது மொழி.

தொடக்கத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு 'டிக்' நகர்ந்து, இருமுறை தட்டினாள். ஒலி சற்று மாறி, வேறொரு பக்கம் திறந்ததைக் காட்டியது.

"ஓ, பாசைப் பட்டியல்," என்ற றம்ஸி உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சொல்லாதீங்க!"

"சொல்லல்ல, சொல்லல்ல."

பட்டியலில் இறங்கினாள். 'டிக்', மௌனம். 'டிக்', மௌனம். 'டிக்', மௌனம். அடுத்த 'டிக்'கோடு அதே பெண்குரல், ஒன்றுமே நடவாதது போல், "இங்கிலிஷ்" என்றது.

ஸுலைஹா வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. போன் பிடிவாதம் பிடிக்கவில்லை. அதற்குத் தமிழ் எழுதத் தெரிந்திருந்தது, பேசத் தெரிந்திருக்கவில்லை. தமிழ்க் குரல் இனிமேல்தான் இணையத்திலிருந்து வந்து சேர வேண்டும். ஊமைப் பட்டியலில் அதற்கு உச்சரிக்க முடிந்த சொல் அது ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தாள். ஆங்கிலத்தில் தொடங்கும் பொத்தானைத் தட்டினாள்.

பிறகு வேலை மெதுவாக, ஆனால் தடையின்றி நடந்தது. சிம் இணையத்தோடு இணைந்தது. கணக்குக்குப் பெயர் கேட்டது. எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தேடி, திரைக்குரல் சொன்ன பிறகே விரலை எடுத்து, தன் பெயரை எழுதினாள். பிறந்த ஆண்டு கேட்டது, தன்னுடையதைக் கொடுத்தாள். ஆணா பெண்ணா என்று கேட்ட இடத்தில், 'பெண்' என்பதை வேண்டியதைவிடச் சற்று அழுத்தமாகவே தட்டினாள். உறுதிப்படுத்தும் எண் கடைக்குப் போகாமல் நேரே அவள் கைக்கே வந்து, அவள் காதிலேயே ஒலித்தது.

கடைசியில் பூட்டு எண்.

திரைக்குரல் தனக்கு மட்டும் கேட்கும்படி, பெட்டியோடு வந்த காதுக்கருவியை எடுத்து மாட்டினாள். மூன்று விரலால் திரையைத் தட்டித் திரைக்குரலின் பட்டியலைத் திறந்து, ரஜிதா குறிப்பிட்டுச் சொல்லியிருந்த ஒன்றைத் தேடிப்பிடித்துத் தெரிவுசெய்தாள்.

"யா அல்லாஹ்! அணைஞ்சு போச்சு!" றம்ஸி எழும்பிவிட்டான். "கறுத்துப் போச்சு ஸுலைஹா! அதான் சொன்னேன், மொதல்ல என்ட கையால..."

"அணையல்ல நானா. திரையத்தான் மறச்சு வெச்சீக்கிறேன். போன் வேல செய்யுது."

"எதுக்கு மறைக்கணும்?"

"நீங்க பாப்பீங்கன்டு."

எழும்பியவன் மறுபடி கதிரையில் உட்கார்ந்தான்.

"நான் என்ன கள்ளனா?" அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"கள்ளன் இல்ல, என்ட நானா. கள்ளன்டா கதவப் பூட்டிட்டுத் தூங்கலாம்."

றம்ஸி, கறுத்த கண்ணாடியின்மேல் தங்கையின் விரல்கள் எங்கோ போய் எதையோ தொட்டு மீள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான் போலும்; அவனுடைய மூச்சு மட்டும் அவளுக்குக் கேட்டது. அந்த அறையில் போன் யாருக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை என்ற கணக்கு முதன்முறையாக இடம்மாறியிருந்தது. எண்ணை ஒருமுறை கொடுத்தாள். உறுதிசெய்ய மறுமுறையும் கொடுத்தாள். போன் ஏற்றுக்கொண்டது.

செயலியும் தமிழ்க் குரலும் அடுத்தடுத்து இறங்கின. காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, மொழியை மறுபடி தமிழுக்கு மாற்றினாள். இம்முறை மௌனம் விழவில்லை. பாடப்புத்தகம் வாசிக்கும் ஆசிரியையைப் போல, இந்தியத் தமிழில் ஒரு பெண், "முகப்புத் திரை" என்று அறை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தாள்.

ஷஸ்னா கைநனையக் குசினியிலிருந்து ஓடிவந்தாள். "ஆரு வந்தீக்கிற? தேத்தண்ணி வெக்கட்டா?"

"மதினி, போன்."

"அல்லாஹ்! நான் சீனி போத்தல எடுத்துட்டேன். எந்த ஊர்ப் பொம்புள இது? கல்யாண வீட்டுப் பேச்சு மாதிரி சுத்தமா பேசுறா!"

பள்ளிவாசலில் அஸர் பாங்கு ஒலித்தது. ஸுலைஹா தொழுது முடித்து வந்து போனைக் கையிலெடுத்தாள். றம்ஸி இன்னும் கதிரையில்தான் இருந்தான். பள்ளிவாசலுக்கும் போகவில்லை, கடைக்கும் போகவில்லை.

அழைப்பு வந்தது. காதுக்கருவியை மாட்டுவதற்கு நேரமில்லை. இருமுறை தட்டினாள். அறை முழுக்கக் கேட்ட ஜீவராஜின் குரல் கனமாக இருந்தது. ஆனால் கடுமையாக இல்லை.

"ஸுலைஹா மிஸ்தானே? சோதனைக்கு முன்ன ரெண்டு கேள்வி. இந்தப் போன யாரு அமைச்சுக் குடுத்தாங்க?"

"யாரும் குடுக்கல்ல சேர். நான்தான் அமைச்சேன்."

"தனியாவா?"

"ஓம் சேர். நடுவுல ஒரு தரம் ஊமையாகிப் போச்சு. நானே பேச வெச்சேன்."

மறுமுனையில் சிறு சிரிப்பு. "இங்கயும் அப்படித்தான், மொதநாள் எல்லாரும் தமிழத் தட்டிட்டு முழிச்சிருக்காங்க. சரி. பூட்டு எண் வீட்டுல யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

"பக்கத்துல யாராவது இருக்காங்களா இப்ப?"

ஸுலைஹா வாய் திறந்தாள். பொய் சொல்வதா, அண்ணனை எழுப்பி அனுப்புவதா என்று அவள் தீர்மானிப்பதற்குள் கதிரை பின்னால் நகர்ந்தது. செருப்பில்லாத பாதங்கள் வாசலை நோக்கிப் போயின. அவள் வழியில் தட்டுப்படக்கூடாதென்று பகலில் ஒருபோதும் சாத்தப்படாத அந்த அறைக் கதவு, துருவேறிய கீல்கள் கிறீச்சிட, மெதுவாகச் சாத்திக்கொண்டது.

"யாரும் இல்ல சேர்," என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

சோதனை தொடங்கியது. ஜீவராஜ் ஒருமுறை ரிவர்ஸ்டன் பக்கத்துக் கொழுந்து பறிக்கும் பெண்ணாகத் தமிழில் முறையிட்டார். மறுகணம் பொறுமையிழந்த வைத்தியராகச் சிங்களத்தில் வினவினார். இடையில் இருந்து ஸுலைஹா இருவருக்கும் குரலானாள். அவர் சொன்னதைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை, அழகுபடுத்தவில்லை. 'சொல்லத் தோன்றியதை மட்டும்' சொல்லுவது எவ்வளவு பெரிய பிழை என்பதை அவளைவிட அறிந்தவர் அந்த வேலைக்குக் கிடைத்திருக்கமாட்டார்.

நடுவே வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. கடைக்கான மூட்டைகளை வீட்டில் இறக்க வந்தவர்கள் சத்தமிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கிடையே, அடக்கிய குரலில் றம்ஸி அவர்களை அதட்டுவது ஜன்னல் வழியே கேட்டது: "கொஞ்சம் மெல்லக் கதைங்க. உள்ளுக்குத் தங்கச்சிக்கு வேல நடக்குது."

அழைப்பு முடிந்தபின்னும் அவள் எழும்பாமல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. திறந்தே கிடக்கும் கதவை யார் தட்டுவார்கள்? அந்த ஒலியை அவள் அந்த அறையில் முன்பு கேட்டதேயில்லை. மறுபடி தட்டப்பட்டபோதுதான், தன்னிடம் அனுமதி கேட்கப்படுவது அவளுக்கு உறைத்தது.

"வாங்க நானா."

கையில் தேநீர்க் கோப்பையோடு றம்ஸி வந்தான். அதைப் போனுக்கு எட்டாத தூரத்தில் கவனமாக வைத்தான்.

"என்ன சொன்னான்?"

"திங்கட்கெழம தொடங்கச் சொன்னாரு. மொதல்ல ரஜிதாவோட சேர்ந்து கேட்டுப் பழகணுமாம். சரியா வந்தா நெரந்தரம்."

"அல்ஹம்துலில்லாஹ்." அவன் கதிரையில் உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான். "அப்ப... அந்தக் கொழுந்து பறிக்கிற பொம்புளைக்கு என்ன வருத்தமாம்?"

"நானா!"

"இல்ல, ஜன்னலுக்குள்ளால கொஞ்சம் கேட்டுச்சு. நெஞ்சுவலியா, வாய்வான்டுதான்..."

"அது சொல்லேலா. திங்கட்கெழம வேலைன்டு மட்டும்தான் உங்களுக்குச் சொல்லலாம்."

குசினியில் ஷஸ்னா கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். றம்ஸி எழுந்து போய் ஜன்னலையும் சாத்திவைத்தான்.